அறுபத்து நான்காம் பக்கம்

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

மஹய்யாவ வாசிகசாலையின் பொறுப்பில் இன்று இருப்பவர் ஆணா பெண்ணா என்பதை நான் அறியேன். நான் அங்கே நாளிதழ் வாசித்த காலத்தில் பொறுப்பாளராக இருந்தவர் மறைந்துவிட்டதாகக் கேள்வி. ஆகவே இரு பாலாருக்கும் பொருந்துமாறு விளித்துள்ளேன். கீழே எழுதியிருப்பது ஒரு திரைக்கதையைப் பற்றியது. அதன் கடைசிப் பக்கம் யாருடையது என்பதே விடயம். முழுவதையும் வாசிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1

என் பெயர் பழனிமுத்து. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, மஹய்யாவையில் வாடகை அறையொன்றில் குடியிருந்து, கண்டி நகரில் காணிப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் பதினொரு ஆண்டுகள் தட்டச்சு செய்தவன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. அதற்குப் பின் நான் கற்ற தமிழ் முழுவதும் காணி உறுதிகளையும் மனுக்களையும் பிரதி எடுத்ததால் வந்தது. எனவே இக்குறிப்பில் மனுவின் வாடை வீசினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நான் ஜெர்மனியின் வடக்கே ஒரு சிறு நகரத்தில், என் மகள் வசந்தியின் வீட்டு மேல்மாடியில் வசிக்கிறேன். சலவைத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றுவிட்டேன். காலை பதினொரு மணிக்குத் தபால்காரப் பெண் மஞ்சள் சைக்கிளில் வருவாள். நான் பத்தரைக்கே கீழே இறங்கி நிற்பேன். கடிதம் எனக்கு வருவதில்லை. ஆனாலும் பெட்டியில் விழும் எதுவும் வேறொருவர் கையில் முதலில் படக்கூடாது என்பது என் வழக்கம். உறைகளையும் நான் எறிவதில்லை. முத்திரைத் திகதி ஒருநாள் உதவும்.

"அப்பா, அது பீட்சா கட நோட்டீசு. அதுக்கும் கவர எடுத்து வைக்கிறீங்களா?" என்று வசந்தி கேட்பாள்.

"எதுக்கும் இருக்கட்டும்" என்பேன்.

சென்ற மாதம் அவ்வாறு நின்றுகொண்டிருந்தபோது என் கைத்தொலைபேசி ஒலித்தது. இலங்கை இலக்கம்.

"பழனிமுத்து மாமாவா? நான் திகனையிலேந்து ரிஸானா பேசுறேன். பலீல்ட மகள்."

"எந்தப் பலீல்?" என்றேன். என் வாழ்வில் ஒரே ஒரு பலீல்தான் இருந்தார். இருந்தும் கேட்டேன்.

"புடவக் கட பலீல், மாமா. வாப்பா மௌத்தாகி ரெண்டு வருஷம். அவர்ட அலுமாரிய ஒழிச்சப்போ ஒங்கட படக்கத கெடச்சிச்சி. 'மாரியாயியின் கடிதம்'. நான் ஒரு படக் கம்பனியில வேல செய்றேன். அவங்க வாசிச்சிட்டு வாங்குறோம்ன்டு நிக்கிறாங்க. ஆனா அறுபத்துமூணாம் பக்கத்தோட நிக்கிது. கடைசித் தாள் ஒங்ககிட்ட ஈக்கா?"

"என் நம்பரை உனக்கு யார் கொடுத்தது?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "வாப்பா சொன்ன மாதிரியேதான் ஈக்கிறீங்க."

அந்தச் சிரிப்பை நான் ஒரு வாரம் சந்தேகித்தேன்.

2

கடைசித் தாளை நான் ஏன் எவருக்கும் கொடுப்பதில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

என் தகப்பனார் எழுத்தறியாதவர். இலங்கையிலேயே இருக்க விரும்பிக் குடியுரிமை மனுப் போட்டார். மனுவை நிரப்பித் தருவதாகச் சொன்ன ஒருவர், தாளை நன்றாக மடித்து, அடிவரி மட்டும் தெரியுமாறு பிடித்துக்கொண்டு, "இங்கன வைய்யி" என்றார். தகப்பனார் பெருவிரலை வைத்தார். மடிப்புக்குள்ளே இருந்தது இந்தியாவுக்குப் போகச் சம்மதம் என்பது, ஓராண்டுக்குப் பின் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. அக்கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் பன்விலையிலிருந்து கண்டி வரை போனார். வழியில் வாசித்துச் சொன்னவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஒருவர் சம்பளப் பாக்கி வந்திருக்கிறது என்றார். மற்றொருவர், ஒரு கோழி கொண்டுவந்தால் முழுவதையும் வாசிக்கிறேன் என்றார். கண்டியில் என் அலுவலகத்தில் வாசித்தபோதுதான் உண்மை வெளிவந்தது.

கண்டிப் புகையிரத நிலையத்தில் பெற்றோரை வழியனுப்பினேன். நான் தனியாகக் குடியுரிமைப் பதிவுபெற்று நகரில் வேலையில் இருந்ததால் தங்கிவிட்டேன். வண்டி புறப்படுமுன் தகப்பனார் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னது இதுதான்:

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் நீ. எந்தக் காயிதமா இருந்தாலும் கடைசித் தாள எவன் கையிலயும் குடுத்துறாதடா."

வேறு எதுவும் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை.

3

அந்தக் கடிதப் பயணத்தைத்தான் திரைக்கதையாக எழுதினேன். தகப்பனாரின் இடத்தில் மாரியாயி என்ற தோட்டத்துப் பெண்ணை வைத்தேன். அவள் வாசிக்கத் தெரியாத ஒரு கடிதத்தோடு பஸ் ஏறிக் கண்டிக்குப் போகிறாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அறுபத்து மூன்று பக்கங்கள் வரை அவளுக்கும் தெரியாது, பார்ப்பவர்களுக்கும் தெரியாது. அறுபத்து நான்காம் பக்கத்தில்தான் தெரியவரும்.

திரைக்கதை எழுதுவது எப்படி என்று சொல்லித்தர எவரும் இல்லை. ஒரே படத்துக்கு மூன்று தடவை மலிவான கலரி டிக்கெட் எடுத்துப் போவேன். முதல் தடவை பார்ப்பதற்கு. இரண்டாம் தடவை கண்ணால் காண்பதை மட்டும் குறிப்பதற்கு. மூன்றாம் தடவை கண்ணை மூடிக் காதால் கேட்பதை மட்டும் குறிப்பதற்கு. பின்பு தாளின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் காட்சியும் வலப்பக்கம் பேச்சுமாக எழுதிப் பழகினேன். மதிய உணவு நேரத்தில் அலுவலகப் பொறியில் தட்டச்சு செய்வேன். ஒருநாள் நொத்தாரிசு ஐயா பின்னால் வந்து நின்று, "உறுதி அடிக்கிற மெஷின்ல பஸ் கொண்டக்டரும் பொம்பளையும் என்னப்பா பேசுறாங்க?" என்று கேட்டார். வாசித்துவிட்டுத் திட்டாமல் போனார்.

எழுதியதை முதலில் கேட்பவர் பலீல் நானா. என்னைவிட ஆறு வயது மூத்தவர். காணி உறுதி ஒன்றுக்காக அலுவலகத்துக்கு வந்து பழக்கமானவர். ஞாயிற்றுக்கிழமைகளில் திகனையில் அவருடைய புடவைக் கடைக்குப் போவேன். அவர் துணியை முழக்கோலால் அளந்துகொண்டே கேட்பார்.

"தம்பி, நிப்பாட்டுங்க. இந்தப் பொம்புள இவ்வளவு பேசுவாளா? கங்காணிக்கு முன்னால வாய் தொறக்காத பொம்புளட வாயில பாராளுமன்றத்த வெச்சீக்கிறீங்களே!"

"உணர்ச்சி வேண்டாமா நானா?"

"உணர்ச்சிக்கு அவ கடிதத்த இறுக்கிப் புடிச்சா போதும். மிச்சத்த வெட்டுங்க."

வெட்டினேன். அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. சரியாகச் சொல்கிறார் என்பதே எனக்குள் ஒரு கிலேசத்தை உண்டாக்கியது. இவ்வளவு தெரிந்தவர் இதைத் தமதாக்கிக்கொள்ள எவ்வளவு நேரமாகும்?

எங்கள் அலுவலகத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. எழுதியதை உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, தன் பெயருக்கே பதிவுத்தபாலில் அனுப்பி, வந்ததைப் பிரிக்காமல் வைத்திருந்தால், அஞ்சல் முத்திரைத் திகதியே சாட்சி. நானும் அவ்வாறே செய்தேன். தபாற்கந்தோருக்குப் பலீல் நானாவும் கூட வந்தார். "தனக்குத் தானே கடிதம் போடுற மனுசன இப்பதான் பாக்குறேன். பதில் எழுதுவீங்களா?" என்று கேட்டு, வரிசையில் நின்றவர்களையும் சிரிக்கவைத்தார். உறை வந்துசேர்ந்ததும் அலுவலகத்து இரும்பலுமாரியில் வைத்தேன். கார்பன் பிரதியைப் பலீல் நானாவிடம் கொடுத்தேன். அதில் அறுபத்து மூன்று பக்கங்களே இருந்தன; கடைசித் தாளுக்கு நான் கார்பன் வைக்கவில்லை.

அவர் அதைக் கொழும்பிலிருந்து கண்டிக்கு வந்திருந்த ஒரு படத்தயாரிப்பாளரிடம் கொண்டுபோனார். இரண்டு நாளில் மூச்சு வாங்க அலுவலகத்துக்கு வந்தார்.

"தம்பி, புடிச்சிப் போச்சி! முடிவு எங்கன்டு கேக்குறாரு. கடைசித் தாளத் தாங்க."

"முதலில் அவர் கையெழுத்து வைக்கட்டும். பிறகு தருகிறேன்."

"முடிவ வாசிக்காம எவன் கையெழுத்து வெப்பான்?"

"வாசித்தபின் எவன் கையெழுத்து வைப்பான்?"

அவர் மேசைமேல் குனிந்தார். "எனக்காவது காட்டுங்களேன்" என்றார். நான் பொறியில் தாளைச் செருகிக்கொண்டு வேலை இருப்பதாகச் சொன்னேன்.

அடுத்த கிழமை சந்தைக்கு எதிரே உள்ள தேநீர்க்கடையில் அவர்கள் இருவரையும் கண்டேன். தயாரிப்பாளர் பேசிக்கொண்டிருந்தார். பலீல் நானா என் தட்டச்சுத் தாள்களின் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே போகவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன்: என் கதைக்கு அவர் முடிவெழுதி, தம் பெயரில் விற்கிறார்.

அதன்பின் இரண்டு தடவை அவர் அலுவலகத்துக்கு வந்தார். இரண்டு தடவையும் உறுதிக்கட்டுகள் அடுக்கிய தட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, லீவு என்று சொல்லச் சொன்னேன். இரண்டாம் தடவை அவர் என் செருப்பைக் கண்டிருக்க வேண்டும். "செருப்ப வெச்சிட்டு லீவுல போயிட்டாராக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவே நான் கேட்ட அவருடைய கடைசிப் பேச்சு. அந்தப் படம் வெளிவரவும் இல்லை. பேரம் முறிந்து, திருடியது விலைபோகவில்லை என்று திருப்திப்பட்டேன்.

4

சில ஆண்டுகளில் கலவரம் வந்தது. மஹய்யாவையில் நான் குடியிருந்த அறை எரிந்தது. அலுவலகத்து இரும்பலுமாரியிலிருந்த உறையை மட்டும் எடுத்துக்கொண்டு, மனைவியையும் கைக்குழந்தையான வசந்தியையும் அழைத்துக்கொண்டு, பல நாடுகளைத் தாண்டி இங்கே வந்தேன். சட்டைக்குள் அவ்வுறை இருந்தது.

இந்நகரத்து அலுவலகத்தில் முதன்முதலாக எங்களைப் பதிந்தபோது, யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் மொழிபெயர்ப்புச் செய்தார். தொழில் என்ன என்று அதிகாரி கேட்டார். எழுத்தாளர் என்றேன்.

தம்பி என் பக்கம் குனிந்தார். "அண்ணை, எழுத்தாளர் எண்டு போட்டா என்ன எழுதினனீங்கள், எங்க புத்தகம் எண்டு கேப்பாங்கள். கிளாக்கர் எண்டு போடுவம், என்ன?"

"அவர் என்ன எழுதுகிறார் என்று எனக்கு வாசித்துக் காட்டுங்கள்."

"ஓம், ஓம், வாசிக்கிறன்" என்றவர் வாசிக்கவில்லை. அந்தப் படிவத்தில் கையொப்பமிட நான் ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தேன். பின்னால் வரிசை நீண்டது. அதிகாரி தண்ணீர் கொடுத்தார். அதையும் குடிக்கவில்லை.

வசந்தி ஜெர்மன் மொழியில் வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்க மாட்டாள். அவளுடைய மகனுக்கு அதுவும் இல்லை. நான் அவனோடு பேசும் ஜெர்மன், அலுவலகத்து மரியாதை மொழி. ஆறு வயதுப் பிள்ளையைத் தாங்கள் என்று விளித்து, தாங்கள் சப்பாத்தைக் கழற்றுவீர்களா என்று கேட்பேன். எனக்கு வேறு வடிவம் வாயில் வருவதில்லை. அவன் என்னை ஏதோ அரசாங்க ஆள் என்று தன் பள்ளியில் சொல்லியிருக்கிறான்.

படக் கம்பனிக்காக ரிஸானா அனுப்பிய ஒப்பந்தத்தை வசந்திதான் கணினியில் திறந்தாள்.

"கடைசித் தாளைக் காட்டு" என்றேன்.

"தாள் இல்லப்பா இதுல. கீழ தள்ளிக்கிட்டே போகணும்."

"எங்கே முடிகிறது?"

"கையெழுத்து வச்சா முடியும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் கொடுத்து அச்சிட்டு வாங்கி, பக்கங்களை எண்ணி, ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதினேன்.

5

அறுபத்து நான்காம் பக்கம் வேண்டுமானால் உறையைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் சாட்சி அழிந்துவிடும். நான்கு நாட்கள் அதை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் வசந்தி பாண் வெட்டும் கத்தியோடு வந்தாள்.

"யாருக்குப்பா சாட்சி? நீங்க திருடன்னு சொன்ன ஆளே செத்துட்டாரே."

அரக்கு உடைந்தது. தாள்கள் மஞ்சளாகியும் எழுத்துத் தெளிவாக இருந்தது. எண்ணினேன். மறுபடி எண்ணினேன். வசந்தியையும் எண்ணச் சொன்னேன்.

அறுபத்து மூன்று.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. உறையை ஒட்டிய காலையில், தபாற்கந்தோரில் முத்திரை குத்துபவர் பலீல் நானாவின் கடையில் துணி எடுப்பவர் என்பது என் மனதில் தட்டியது. கடைசித் தாளை உருவி, மஹய்யாவ அறையில் அலுமாரித் தட்டுக்கு விரித்திருந்த பத்திரிகைத் தாளுக்கு அடியில் செருகினேன். அந்த அலுமாரி எரிந்துபோனது. நாடு நாடாக நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தது, பலீல் நானாவிடம் இருந்த அதே அறுபத்து மூன்று பக்கங்களே. எனக்கே நான் கடைசித் தாளை அனுப்பவில்லை.

என் முடிவு என்ன என்பது நினைவில் இருந்தது. மாரியாயிக்கு உண்மை தெரிகிறது. கடிதத்தைக் கிழித்து எறிகிறாள். இனி எவரையும் நம்பமாட்டேன் என்கிறாள். அதை மீண்டும் எழுதினேன். வசந்திக்கு வாசித்துக் காட்டினேன்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

6

தாள் எரிந்துவிட்டதை ரிஸானாவிடம் சொன்னேன்.

"மாமா, ஒண்டு சொல்லணும். வாப்பா எழுதின தாளும் ஈக்குது. ஒங்களுக்குக் கோவம் வருமோன்டு சொல்லல்ல. அஞ்சு முடிவு எழுதீக்கிறாரு. படம் புடிச்சி அனுப்புறேன், பாருங்க."

வசந்தியின் கணினியில் அவற்றைப் பார்த்தேன். தேநீர்க்கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று நான் கண்ட அதே சாய்ந்த எழுத்து. ஐந்து தாள்களிலும் தலைப்புக்குக் கீழே ஒரே வரி: "கதை, வசனம்: பழனிமுத்து". ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. கூடவே தயாரிப்பாளர் அவருக்கு எழுதிய ஒரு கடிதம். கடைசிப் பக்கம் வேறொருவர் எழுதியதாகத் தோன்றுகிறது, ஆசிரியரை நேரில் அழைத்துவந்து கையொப்பமிடச் செய்தால் படத்தைத் தொடங்கலாம், இல்லையேல் இயலாது என்று அதில் இருந்தது. திகதியைப் பார்த்தேன். நான் உறுதிக்கட்டுகளுக்குப் பின்னால் நின்ற கிழமை அது.

இதையும் சந்தேகித்தேன் என்பதை மறைக்கமாட்டேன். என் பெயரைப் பின்னர் எவரேனும் சேர்த்திருக்கலாமோ என்று மையின் நிறத்தை உருப்பெருக்கிப் பார்த்தேன். ஒரே மைதான்.

நான்காவது முடிவு என்னுடையதைவிட மேலானது. இதை எழுத எனக்கு மூன்று நாட்கள் பிடித்தன. அதையே படத்துக்கு வைக்கச் சொன்னேன். ஆனால் ஒப்பந்தத்தின் கடைசித் தாளில், நான் இலக்கமிட்ட ஒன்பதாம் பக்கத்தில், ஒரு வாசகம் இருக்கிறது: "இப்படைப்பு முழுவதும் என்னால் மட்டுமே எழுதப்பட்டது என உறுதி கூறுகிறேன்." வாழ்நாள் முழுவதும் கடைசித் தாளில் பிறர் எனக்கு என்ன செய்வார்களோ என்று அஞ்சியவன் நான். இப்போது அதே இடத்தில் கையொப்பமிட்டால் பலீல் நானாவை ஏமாற்றியவன் ஆவேன்.

"சைன் வைங்க மாமா" என்றாள் ரிஸானா. "வாப்பாவே ஒங்கட பேரத்தானே போட்டாரு. கம்பனிக்காரங்க ரெண்டு பேர் போட்டா வழக்கு வரும்ன்டு பயப்புடுறாங்க. இத விட்டா வேற ஆள் வாங்க மாட்டாங்க."

"உன் வாப்பா பெயர் வேண்டாமென்று நீயே சொல்கிறாயா?"

"வேணும்ன்டுதான் ஈக்குது. ஆனா படம் வரணுமே."

"என்னால் மட்டுமே" என்ற சொற்களைப் பேனையால் வெட்டினேன். "என்னாலும் திகன பலீல் அவர்களாலும்" என்று மேலே எழுதி, பக்கத்தில் முதலெழுத்திட்டு, பதிவுத்தபாலில் அனுப்பினேன். இரண்டு வாரங்களாகின்றன. நிறுவனம் பதில் தரவில்லை. வாங்காமலே விடலாம். வாங்கி, என் திருத்தத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஒரு பெயரோடு வெளியிடவும் கூடும். அவர்கள் மீது எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆகையால் கடைசிப் பக்கத்தைக் கீழே பிரதி செய்கிறேன். இது பலீல் நானாவின் நான்காவது தாள். ஓர் எழுத்தும் மாற்றவில்லை. இதில் வரும் மேல்கணக்கு என்பது தோட்டத்தின் மேற்பிரிவு.

"பக்கம் 64. பகல். பஸ்ஸின் உள்ளே.

மாரியாயியின் தோட்டத்து வளைவு வருகிறது. அவள் எழும்பவில்லை.

கொண்டக்டர்: அம்மா, ஒங்க எடம் தாண்டுது.

மாரியாயி: தெரியுங்க. நான் மேல்கணக்குல எறங்குறேன். இந்தக் கடுதாசி என் பேருக்குத்தான் வந்துச்சி, ஆனா எனக்கு வந்ததில்ல. புடவக் கடக்காரரு முழுசா வாசிச்சாரு. புருசன் பேரு வேற. மேல்கணக்குல இன்னொரு மாரியாயி இருக்கா, அவளத்தான் நாட்ட விட்டுப் போகச் சொல்லியிருக்காங்க.

கொண்டக்டர்: அப்ப தபால்ல போட்டுறலாமே?

மாரியாயி: அவளுக்கும் வாசிக்கத் தெரியாதுங்க. யாராவது பாதிய மறைச்சிச் சொல்லுவாங்க. நான் போயி முழுசையும் சொல்லணும்.

பஸ் மலையேறுகிறது. கடிதம் அவள் மடியில், மடிக்காமல், விரித்தபடி இருக்கிறது. படம் முடிகிறது."

ஐயா, அம்மா, நான் எவர் கையிலும் கொடுக்காத கடைசித் தாளை உங்களிடம் தந்திருக்கிறேன். இதை எழுதியவர் திகன பலீல். இந்தக் குறிப்பை, வந்த உறையோடு சேர்த்து, வாசிகசாலையில் வைத்திருங்கள். கேட்டு வருபவர் எவராயினும் பிரித்துக் காட்டுங்கள்.

இவ்வண்ணம்,
பழனிமுத்து